ரூர்க்கி நகரில் கங்கைக் கால்வாய்

தில்லியின் கிழக்குப் பகுதியில் குடியிருப்போருக்கும், அதனை அடுத்த காசியாபாத், நொய்டா முதலிய ஊர்களில் வாழ்வோருக்கும் ஐப்பசி மாதம் நீர் முடை மிகுந்த மாதமாகும். மழை பொய்த்ததன்று, ஆறு வறண்டதுமன்று. தசராவன்று இரவு, ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஹரித்துவாரத்தில் மேல் கங்கைக் கால்வாயின் தலைமதகுகள் அடைக்கப்பெறுகின்றன. தூர் வாரவும், கரைகளைச் செப்பனிடவும், மதகுப் பலகைகளைப் பழுது பார்க்கவும் தீபாவளி வரையில் கால்வாய் வெறுமையாக விடப்படுகிறது. இந்தச் சில வாரங்களில் குழாயடியில் குடங்களுடன் நிற்கும் ஒருவருக்கு, தாம் நாள்தோறும் அருந்திய நீரின் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்பது முதன்முறையாக நினைவுக்கு வரும். இக்கட்டுரையாளரும் அவ்வாறு நின்றவர்களுள் ஒருவரே. அந்த நினைவே அவரை ஓராண்டு அதே விடுமுறை நாட்களில் ரூர்க்கிக்கு இட்டுச் சென்றது.

கால்வாயைக் காண்பதற்கு நீரற்ற காலமே ஏற்றது என்பதை அங்குச் சென்ற பின்னரே அறிய நேர்ந்தது. நீர் நிறைந்தோடும் பொழுது அது அகன்றதோர் ஆறாகவே தோற்றமளிக்கும். கண்ணுக்கு இனிமை, கருத்துக்கு ஒன்றும் புலப்படாது. நீர் வடிந்த பின்னரே செங்கற் சுவர்கள், படிவரிசைகள், தூண்களின் அடிப்பகுதி, அரிப்புண்ட இடங்கள், அவற்றின் மேல் பிற்காலத்தார் இட்ட ஒட்டுகள் ஆகிய யாவும் வெளிப்படுகின்றன. ஒரு பொறியியற் படைப்பின் வரலாற்றை அதன் காயங்களிலிருந்து படிக்க இயலும் போலும்.

ஹரித்துவாரத்தில் யாத்திரிகர்கள் நீராடும் ஹர்-கி-பௌரிப் படித்துறையில் ஓடுவது கங்கையின் முதன்மைப் போக்கு அன்று. கால்வாய்க்கு நீர் கொணரும் கிளையோடு இணைந்த நீரோட்டமே அது. ஆகவே கால்வாய் அடைக்கப்பெறும் நாட்களில் அத்துறையிலும் நீர் மிகக் குறைந்து, அடியிலுள்ள கூழாங்கற்கள் வெளித்தோன்றுகின்றன. அவற்றினிடையே யாத்திரிகர்கள் எறிந்த நாணயங்களைச் சிறுவர்கள் தேடிக் கொண்டிருப்பர். புனித நீரைக் கால்வாயில் அடைப்பது தகாது என்று தொடக்கத்திலேயே தீர்த்தப் புரோகிதர்கள் எதிர்த்தனர். அணையில் தடையின்றி நீர் செல்ல ஓர் இடைவெளி விடுவதாகவும், படித்துறைகளைச் செப்பனிட்டுத் தருவதாகவும் கால்வாயை அமைத்தவர் ஒப்புக்கொண்டார்; கணபதி வழிபாட்டுடன் பணி தொடங்கிற்று. பிற்காலத்தில் நிலையான அணை கட்ட முற்பட்ட பொழுது இவ்வழக்கு மீண்டும் எழுந்து, பண்டித மதன்மோகன் மாளவியா முதலியோரின் முயற்சியால் 1916-ஆம் ஆண்டு டிசம்பரில் ஓர் உடன்பாடாக முடிந்தது.

கால்வாயை அமைத்தவர் பிரோபி தாமஸ் காட்லி என்னும் வங்காளப் பீரங்கிப் படை அதிகாரி. 1802-ஆம் ஆண்டு பிறந்து 1871-ஆம் ஆண்டு மறைந்தவர். பொறியியற் கல்லூரி எதிலும் பயின்றவர் அல்லர். யமுனையின் கிழக்குக் கரைக் கால்வாயில் பணியாற்றியே தொழிலைக் கற்றவர். சிவாலிக் மலைகளில் ஹியூ பால்கனருடன் இணைந்து தொல்லுயிர்ப் புதைபடிவங்களைத் திரட்டியமைக்காக 1837-ஆம் ஆண்டு இருவருக்கும் இலண்டன் நிலவியற் சங்கத்தின் உவாலஸ்டன் பதக்கம் அளிக்கப்பெற்றது. அதே ஆண்டில் கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட தோவாப் நிலத்தில் பஞ்சம் தொடங்கிற்று. 1837, 1838 ஆகிய இரண்டாண்டுகளில் மாண்டவர் தொகை ஏறத்தாழ எட்டு இலட்சம் என்று கணிக்கப்பட்டுள்ளது. இரு பேராறுகளுக்கு நடுவே இருந்தும் மக்கள் நீரின்றி மடிந்தனர் என்பதே இதன் கொடுமை. ஆறுகள் தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் ஓட, வயல்கள் மேட்டு நிலத்தில் இருந்தன. மலையடிவாரத்திலேயே நீரைப் பிடித்து, மேட்டு நிலத்தின் முதுகெலும்பு போன்ற உயர்வரை வழியே கொண்டு சென்றாலன்றி அந்நிலத்திற்கு நீர் ஏறாது.

காட்லி ஆறு மாத காலம் நடந்தும் குதிரை மேல் அமர்ந்தும் நிலத்தை அளந்தார். 1842-ஆம் ஆண்டு ஏப்ரலில் மண் வெட்டும் வேலை தொடங்கிற்று. செங்கற்களையும், சூளைகளையும், சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையையும் வேலை நடக்கும் இடத்திலேயே உண்டாக்கிக் கொள்ள வேண்டியிருந்தது. கவர்னர் ஜெனரல்கள் மாறுந்தோறும் ஆதரவு கூடியும் குறைந்தும் வந்தது. 1854-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் ரூர்க்கியில் கால்வாய் திறந்து வைக்கப்பெற்றது. மறு ஆண்டு பாசனம் தொடங்கிற்று. முதன்மைக் கால்வாயின் நீளம் ஏறத்தாழ 348 மைல், அதாவது 560 கிலோமீட்டர். கிளைகள் ஏறத்தாழ 306 மைல்.

இனி, ஹரித்துவாரத்திற்கும் ரூர்க்கிக்கும் இடையிலுள்ள முப்பது கிலோமீட்டர் தொலைவையே நாம் கூர்ந்து நோக்க வேண்டும். முழுக் கால்வாயின் இடர்ப்பாடும் இச்சிறு பகுதியில் குவிந்து கிடக்கிறது. சிவாலிக் மலைகளிலிருந்து இறங்கும் காட்டாறுகள் கால்வாயைக் குறுக்கே வெட்டிச் செல்கின்றன. அவ்வட்டாரத்தார் இவற்றை ‘ராவ்’ என்பர். ஆண்டின் பெரும்பகுதியில் வெறும் மணற்பரப்பாகக் கிடந்து, மழைக்காலத்தில் சில மணி நேரத்தில் பெருவெள்ளமாகப் பொங்குவது அவற்றின் இயல்பு. முதன்மையானவை நான்கு: ராணிப்பூர், பாத்ரி, ரத்மௌ, சோலானி.

இவற்றுள் முதல் இரண்டும் கால்வாயின் தலைக்கு மேலே செல்கின்றன. கால்வாய் கீழே ஓட, அதன் மேல் ஒரு பெரிய கட்டடப் பாலம். அப்பாலத்தின் மேல் சாலைக்கு மாறாகக் காட்டாறு ஓடுகிறது. மூன்றாவதாகிய ரத்மௌ, தனௌரி என்னுமிடத்தில் கால்வாயின் மட்டத்திலேயே வந்து கலக்கிறது. நான்காவதாகிய சோலானியோ தாழ்ந்த பள்ளத்தாக்கில் ஓடுகிறது. அதன் மேல் கால்வாய் பாலத்தில் ஏறிச் செல்கிறது. ஆறு மேலே, ஆறு சமமாக, ஆறு கீழே என மூன்று நிலைகளும் ஒரு நாள் பயணத்திற்குள் அமைந்துள்ளன.

இந்த வரிசை தற்செயலாக நேர்ந்ததன்று. மலையடிவாரத்தில் நிலம் செங்குத்தாகச் சரிகிறது. கால்வாய்க்கோ மைலுக்கு ஓரடிக்குச் சற்று அதிகமான சரிவே அளிக்கப்பட்டது. மலையை ஒட்டிய இடத்தில் ஆறுகளின் படுகை உயர்ந்தும், கால்வாய் ஆழமாக வெட்டப்பட்டும் இருக்கிறது. தெற்கே செல்லச் செல்ல நிலம் விரைந்து தாழ, கால்வாய் மெல்லத் தாழ்கிறது. ஆகவே ஓரிடத்தில் இரண்டும் ஒரே மட்டத்தை எய்தித்தான் தீர வேண்டும். அதனைக் கடந்த பின் கால்வாயே மேலே நிற்கும். கரும்பலகையில் செங்குத்தாகச் சரியும் ஒரு கோட்டையும், மெல்லச் சரியும் மற்றொரு கோட்டையும் வரைந்து, இரண்டும் வெட்டிக் கொள்ளும் புள்ளிக்குத் தனௌரி என்று பெயரிட்டால், மாணவர்க்கு இது ஒரு நிமிடத்தில் விளங்கும்.

வேலைத்தலப் பணியாளர்களுக்குத் தனௌரியே பெரிதும் பயன்படும் இடம் என்பது நம் எண்ணம். மட்டத்தில் வந்து கலக்கும் காட்டாற்றைக் கால்வாயின் ஒரு கரை வழியே உள்ளே விட்டு, எதிர்க்கரையிலுள்ள மதகு வரிசை வழியே வெளியேற்ற வேண்டும். அதே வேளையில், கால்வாயின் கீழ்ப்புறத்தில் உள்ள மதகுகளைத் தாழ்த்தி, வண்டலும் வெள்ளமும் ரூர்க்கியை நோக்கிச் செல்லாதவாறு காக்கவும் வேண்டும். வெளியேற்றும் மதகுகளைத் திறக்கத் தாமதித்தால் கரை உடையும்; தேவையின்றித் திறந்தால் பாசன நீர் வீணாகும். மலைமேற் பெய்த மழையின் செய்தி, வெள்ளமாகவே வந்து சேரக்கூடிய இடம் அது. ஏனைய மூன்று கடவைகளையும் கட்டியோர் தம் வேலையை முடித்துவிட்டுச் சென்றனர். தனௌரியில் மட்டும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவ்வேலையை மதகடியில் நிற்கும் பணியாளர் மீண்டும் செய்ய வேண்டியுள்ளது.

ரூர்க்கிக்கு வடக்கே உள்ள சோலானிக் கடவையே யாவரும் காண விழைவது. இதற்குத் தமிழில் என்ன பெயர் இடுவது என்று மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அகராதியைப் புரட்டினால் ‘நீர்கொள் பாலம்’, ‘மேம்போகு கால்வாய்’ என்றெல்லாம் புனையத் தோன்றும். குமரி மாவட்டத்து மக்களோ மாத்தூரில் உள்ளதைத் ‘தொட்டிப்பாலம்’ என்று நெடுநாளாக வழங்கி வருகின்றனர். அதனினும் பொருத்தமான சொல் கிடைத்தற்கரிது. ஆதலின் அதனையே கொள்வோம். சோலானியின் குறுக்கே பிற்காலத்தில் மற்றொரு தொட்டிப்பாலமும் கட்டப்பெற்றுள்ளது. இங்குக் கூறப்படுவது 1854-ஆம் ஆண்டின் பழைய கட்டடம்.

சோலானிப் பள்ளத்தாக்கு ஏறத்தாழ மூன்று மைல் அகலமுடையது. இத்தொலைவு முழுவதிலும் கால்வாய் மண்ணாலான உயர்ந்த கரைகளின் இடையே, சுற்றுப்புற நிலத்திற்கு மேலாகச் செல்கிறது. ஆறு ஓடும் இடத்தில் மட்டும் 920 அடி நீளத்திற்குக் கட்டடம் எழுப்பப்பட்டுள்ளது. ஐம்பது அடி இடைவெளியுடைய 15 வளைவுகள். அவற்றைத் தாங்கும் தூண்களின் கனம் 10 அடி. ஒவ்வொரு வளைவும் ஆற்றுப்போக்கின் திசையில் 192 அடி நீண்டு, குகை போல் அமைந்துள்ளது. மேலே, தலா 85 அடி அகலமுள்ள இரண்டு தொட்டிகள் இணையாகச் செல்கின்றன. ஒன்றை அடைத்துவிட்டு மற்றொன்றில் நீரை விடலாம் என்பதால், பழுது பார்ப்பதற்கு இது எத்துணை வசதியென்று கூற வேண்டுவதில்லை.

ஒரு சிறு கணக்கு. இரு தொட்டிகளும் சேர்ந்து 170 அடி அகலம். நீரின் ஆழம் 10 அடி. ஆகவே பாலத்தின் ஒவ்வோர் அடி நீளமும் தாங்கும் நீர் 1,700 கன அடி. எடையில் ஏறத்தாழ 48 டன். ஒரு வளைவின் மேல் நிற்கும் நீர் மட்டும் 2,400 டன் ஆகிறது. செங்கல்லின் எடை இதில் சேரவில்லை. இவ்வளவு பாரத்தையும் தாங்க வேண்டிய அடிநிலமோ ஆற்று மணல்.

காட்லி இதற்குக் கையாண்ட வழி நம் நாட்டுக் கிணறு வெட்டுவோரிடமிருந்து கற்றதாகும். மணற்பாங்கான நிலத்தில் கிணறு தோண்டுவோர், வட்டமான சுவரை முதலில் தரைமேல் எழுப்பி, அதன் உட்புறத்து அடிமண்ணைத் தோண்டித் தோண்டி எடுப்பர். சுவர் தன் எடையாலேயே கீழே இறங்கும். இதனைப் பெரிய அளவிற் செய்தனர். இருபது அடி நீளமும் இருபது அடி அகலமும் இருபது அடி உயரமும் உடைய செங்கற் கட்டடம் ஒவ்வொன்றிலும் நான்கு கிணற்றுத் துளைகள் விடப்பட்டன. அத்துளைகளின் வழியே மணலை அள்ள அள்ள, முழுக் கட்டடமும் ஆற்றுப் படுகைக்குள் அமிழ்ந்தது. அவ்வாறு அமிழ்த்தப்பெற்ற கட்டடங்களின் மேலேயே தூண்கள் நிற்கின்றன. காட்லியின் பெயரைத் தாங்கிய நூல்கள் பல உள; கிணற்றுக்குள் இறங்கி மணல் அள்ளியவர் பெயர் ஒன்றேனும் எங்கும் காணக் கிடைப்பதில்லை.

தொட்டிப்பாலப் பகுதியின் எல்லைகளில் காவல் நிற்பன போல நான்கு பெருஞ் சிங்கங்கள் அமைக்கப்பெற்றுள்ளன. ரூர்க்கிச் சிறுவர்களுக்குக் கால்வாயின் வரலாறு தெரியாதிருக்கலாம். இச்சிங்கங்கள் தெரியாதிருக்க மாட்டா.

நகருக்குள் நுழைந்த பின் கால்வாய் ஊரை இரண்டாகப் பிரித்துச் செல்கிறது. ஒரு கரையில் பழைய ஊரும் கடைத்தெருவும். மறுகரையில் அகன்ற சாலைகளும் கல்வி நிலையமும். சொல்லப்போனால் இந்நகரைப் பெரிதாக்கியதே கால்வாய்தான். அதற்கு முன் இது ஒரு சிற்றூர். வேலைக்கு வேண்டிய கருவிகளைச் செய்யப் பட்டறைகள் இங்கு எழுந்தன. மட்டம் பார்க்கவும் மண்கணக்கு எழுதவும் பயிற்சி பெற்றோர் கிடைக்காமையால் 1847-ஆம் ஆண்டு ஒரு பொறியியற் கல்லூரி தொடங்கப்பெற்றது. அது 1854-இல் தாம்சன் கல்லூரியாகி, 1949-இல் ரூர்க்கிப் பல்கலைக்கழகமாகி, 2001 முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமாக விளங்குகிறது.

சோலானிக் கரைக்கு மண் சுமப்பதற்காக 1851-ஆம் ஆண்டு இறுதியில் ரூர்க்கிக்கும் பிரான் கலியருக்கும் இடையே நீராவி எஞ்சின் ஒன்று ஓட்டப்பெற்றது. பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே 1853-இல் முதற் பயணிகள் வண்டி ஓடுவதற்கு முன்னரே நிகழ்ந்தது ஆதலின், இந்தியாவின் முதல் நீராவி எஞ்சின் தங்களுடையதே என்று ரூர்க்கி மக்கள் பெருமையுடன் கூறுவர். சென்னையை அடுத்த செங்குன்றத்தில் சாலைக் கற்களை ஏற்றிச் செல்ல 1837-இலேயே இருப்புப்பாதை இருந்ததே என்று நாம் கூறியபோது, உடன் வந்த நண்பர் அதனை விரும்பவில்லை. ‘முதல்’ என்னும் சொல்லுக்கு இருக்கும் மவுசு அத்தகையது.

செங்குன்றத்தைக் கூறியதும் ஆர்தர் காட்டனைக் கூறாதிருக்க இயலாது. 1836-இல் கொள்ளிடத்தில் மேலணை கட்டி, பின்னர்க் கோதாவரியைத் தடுத்துப் பெரும் பாசனம் அளித்த இவர், 1860-களில் கங்கைக் கால்வாயைக் கடுமையாகக் குறை கூறினார். காட்லி, காட்டன் ஆகிய பெயர்கள் ஒலியில் நெருங்கியவை. கருத்திலோ இருவரும் எதிர்த்துருவங்கள். தலைமதகை மலையடிவாரத்தில் வைத்ததே தவறு என்றார் காட்டன். கீழே சமவெளியில், மணற்படுகையின் குறுக்கே அணை கட்டியிருந்தால் இந்தக் காட்டாறுகளையும் பாலங்களையும் தவிர்த்திருக்கலாம்; படகுப் போக்குவரத்திற்கும் வசதியாக இருந்திருக்கும். காவிரியிலும் கோதாவரியிலும் அவர் கண்ட வெற்றி அவ்வாறு பேசச் செய்தது. கீழே அணை கட்டினால் மேல் தோவாப் நிலத்திற்கு நீர் ஏறாதே என்பது காட்லியின் மறுமொழி.

ஆயினும் காட்டனின் குற்றச்சாட்டில் ஒன்று மறுக்க முடியாதது. கால்வாயின் சரிவு அளவிற்கு மிஞ்சியது. நீர் வேகமாக ஓடி, படுகையை அரித்தது. அருவி போல் நீரை இறக்குவதற்காக வளைந்த சரிவாகக் கட்டியிருந்த இடங்களின் அடியில் பள்ளங்கள் விழுந்தன. அவற்றை மாற்றியமைக்கவும் வலுப்படுத்தவும் பின்வந்த பொறியியலார் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. நீர் வடிந்த கால்வாயில் நாம் கண்ட ஒட்டுகள் இத்தகைய திருத்தங்களின் நீண்ட வரிசையைச் சேர்ந்தவையே. 1878-இல் திறக்கப்பெற்ற கீழ்க் கங்கைக் கால்வாய், நரோராவில், சமவெளியில் அணை கட்டியே எடுக்கப்பெற்றது. இறங்கும் நீரின் ஆற்றலும் வீணாகவில்லை; 1950-களில் பாத்ரியிலும் முகம்மதுப்பூரிலும் மின்நிலையங்கள் எழுந்தன.

மற்றொரு வழக்கு கால்வாய் முடிவதற்கு முன்னரே எழுந்தது. யமுனைக் கால்வாய்களின் ஓரத்தில் காய்ச்சல் பரவியதைக் கண்டு, கங்கைக் கால்வாயாலும் அதே தீங்கு விளையுமோ என ஆராய 1845-இல் பேக்கர், டெம்ப்ஸ்டர், யூல் ஆகிய மூவரைக் கொண்ட குழு அமைக்கப்பட்டது. டெம்ப்ஸ்டர் ஊர் ஊராகச் சென்று, மக்களின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியோர் தொகையைக் கணக்கிட்டார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897-இல். அதற்கு ஐம்பது ஆண்டுகட்கு முன்பு, காரணம் அறியாமலே, நோய் எங்கு மிகுதி என்பதை அளக்கும் முறையொன்று உருவாயிற்று. மண்ணீரல் கணக்கு பிற்காலத்தில் மலேரியாப் பணியாளர்களின் வழக்கமாயிற்று. கால்வாய் நீரை இயன்றவரை தரைமட்டத்திற்குக் கீழே வைத்தல், இயற்கை வடிகால்களை மறிக்காதிருத்தல் ஆகியவற்றை அக்குழு வற்புறுத்தியது. வடிகால் மறிக்கப்பட்ட இடங்களில் நீர் தேங்கியதும், ‘ரேஹ்’ எனப்படும் உவர் பூத்து நல்ல நிலங்கள் பாழானதும் பின்னர்க் கண்டவை. பஞ்சத்திற்கு மருந்தாக வந்த நீர், மேற்பார்வை குன்றிய இடங்களில் வேறொரு நோயாயிற்று.

மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு இரண்டு குறிப்புகள். நீர் ஓடும் காலத்திற் சென்றால், கரையில் 30 மீட்டர் தொலைவை அளந்து அடையாளமிட்டு, மேலெல்லையில் ஒரு மரத்துண்டை எறிந்து, அது கீழெல்லையை அடையும் நேரத்தைக் குறிக்கச் சொல்லலாம். இருபத்தைந்து வினாடியானால் மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 1.2 மீட்டர், இதை 0.85-ஆல் பெருக்கினால் சராசரி வேகம் தோராயமாகக் கிடைக்கும். அகலத்தையும் ஆழத்தையும் கொண்டு நீரோட்டத்தின் அளவைக் கணிக்கலாம். தொட்டிப்பாலத்திற்கான கணக்கை இதே முறையில் தலைகீழாகவும் செய்யலாம்: காட்லி வகுத்த அளவு வினாடிக்கு 6,750 கன அடி, அதனை 1,700 சதுர அடியால் வகுத்தால் வேகம் வினாடிக்கு நான்கு அடி. பிற்காலத்தில் விரிவாக்கப்பெற்ற கால்வாயின் தலைமதகுக் கொள்ளளவு 10,500 கன அடி.

இரண்டாவது குறிப்பு: வினாடிக்கு நான்கு அடி என்பது தாளில் சிறிய எண், நீரில் அவ்வாறன்று. பத்தடி ஆழத்தில், வழுக்கும் செங்கற் படியில், நடக்கும் மனிதனின் வேகத்தில் இழுத்துச் செல்லும் நீர் அது. ரூர்க்கிக் கால்வாயில் உயிரிழந்தோர் பலர். நீந்தத் தெரிந்தோரும் அவருள் உண்டு. மரத்துண்டை ஆசிரியரே எறிதல் வேண்டும். மாணவர்கள் படியிலிருந்து விலகிக் கரைமேல் நிற்றல் வேண்டும்.

நாம் திரும்பிய நாளன்று, சிங்கங்களுக்கு அருகே பணியாளர் சிலர் கரைச்சுவரின் பிளவொன்றில் காரை பூசிக் கொண்டிருந்தனர். தீபாவளிக்கு நான்கு நாட்கள் இருந்தன. அதற்குள் அது உலர வேண்டுமே என்று கேட்டோம். உலராவிட்டாலும் தண்ணீர் வந்துவிடும், ஐயா, என்றார் அவர்களுள் மூத்தவர்.